அடுக்களைக் கேள்விகள்: தீயலில் காப்பித்தூள் போடும் கணவர்

கேள்வி: என் கணவர் நன்றாகச் சமைப்பார். ஆனால் ஒரு ஞாயிறு செய்ததை மறு ஞாயிறு செய்ய மாட்டார். ஒரு வாரம் அவியலில் அன்னாசி, அடுத்த வாரம் உள்ளித் தீயலில் (வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் வெங்காயக் குழம்பு) காப்பித்தூள். இரண்டுமே கசந்துபோய், பிள்ளைகள் தொடவில்லை. வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆசையோடு அடுக்களைக்குள் வருகிறவரைத் தடுத்தால், அப்புறம் காய் நறுக்கக்கூட வர மாட்டார். அளவை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். தீயலை வழக்கம்போல் வைத்து, இறக்கும் நேரத்தில் ஒரு கிண்ணம் தனியே எடுத்து, புதுச் சரக்கை அதில் சேர்த்துப் பார்க்கட்டும். 200 மில்லி தீயலுக்குக் காப்பித்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். பிடித்தால் அடுத்த முறை சட்டி முழுக்கச் செய்யலாம், பிடிக்காவிட்டால் ஒரு கிண்ணத்தோடு போயிற்று.

காப்பித்தூள்மேல் மட்டும் பழி போட முடியாது. தீயல் கசப்பது பெரும்பாலும் வறுப்பில்தான். ஒரு தேங்காய்த் துருவலுக்கு 2 மேசைக்கரண்டி கொத்தமல்லி, 6 வற்றல் மிளகாய், அரை டீஸ்பூன் நல்லமிளகு சரியாக இருக்கும். துருவலைச் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, நன்றாகப் பொன்னிறமான பிறகு மற்றதைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காய் சிவக்கும் முன்பே மல்லியும் மிளகாயும் கருகிவிடும். கருப்பட்டி நிறம் வரும்வரை அடுப்பில் வைக்காமல், அதற்குச் சற்று முன்பே இறக்கி உடனே தட்டில் கொட்டுங்கள். இரும்புச் சட்டியில் விட்டுவைத்தால் அந்தச் சூட்டிலேயே மேலும் கருகும். கருகல் கசப்போடு காப்பிக் கசப்பும் சேர்ந்தால் வெல்லம் போட்டும் சரிவராது. புதிதாகப் பாதி அளவு தேங்காய் வறுத்து அரைத்து, கெட்டுப்போன தீயலை அதில் கரண்டி கரண்டியாகக் கலந்து ருசி பார்ப்பதுதான் வழி.

அன்னாசி யோசனை நல்ல யோசனை. அன்னாசிப் புளிசேரி என்ற தயிர்க் கறி வைக்கிற ஊர்தானே நம்முடையது! பச்சை அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு, அது அவியலில் விடும் தயிரைக் கசக்க வைக்கும். துண்டுகளை முதலில் 10 நிமிடம் கொதிக்கவைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு தயிர் சேர்க்கலாம். பழத்திலேயே புளிப்பு இருப்பதால் தயிரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஏற்பாடு. ஒரு கறியில் ஒரு மாற்றம் மட்டும் என்று பேசி வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் ருசி எதனால் கெட்டது என்று அவருக்கே தெரியாது. சாப்பிட்டதும் ‘நல்லாயிருக்கு’, ‘நல்லாயில்லை’ என்று நிறுத்தாமல் ‘புளி முந்துது’, ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொல்லுங்கள். சமைப்பவருக்கு அதுதான் உபயோகம். உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு தான் குடித்த குழம்பின் உப்பை மட்டும்தான் எடுக்கும், மிச்சம் அப்படியே கரிக்கும். உப்பில்லாத தேங்காய் அரைப்பும் தண்ணீரும் சேர்த்துக் குழம்பைக் கூட்டுவதே சரி.

கேள்வி: என் மனைவி மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) பச்சையாகத் துருவி, உடனே அடை சுடுகிறார். குக்கரில் கேக்கும் செய்கிறார். ருசி நன்றாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், தக்கலை

பதில்: இந்த முறையை மாற்றத்தான் வேண்டும். மரச்சீனியில் சயனைடு தரும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. நாம் வீட்டுக்கு வாங்கும் இனங்களில் குறைவு, கசப்பு இனங்களில் அதிகம். துருவியதும் சுட்டால் அது வெளியேற நேரமில்லை. குக்கரை மூடி வேகவைத்தால் கிழங்கின் நீர் உள்ளேயே நின்றுவிடுகிறது.

வெளித்தோலோடு அடியிலிருக்கும் தடித்த தோலையும் உரித்துவிடுங்கள், நச்சு அதில்தான் கூடுதல். சிறு துண்டாக நறுக்கி, மூழ்கி மேலே நிற்கும் அளவு பச்சைத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். இன்னொரு தண்ணீர் மாற்றி உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். இப்படி வெந்த கிழங்கை மசித்து அடை, கட்லெட், கேக் என்று மனைவி விருப்பம்போல் செய்யட்டும். வாயில் வைத்ததும் கசக்கிற கிழங்கை மட்டும் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள். கிழங்கோடு மீன்கறி சேர்த்துச் சாப்பிடுவது ருசிக்கு மட்டுமல்ல. உள்ளே போகும் கொஞ்ச சயனைடை உடம்பு முறிக்கக் கந்தகம் வேண்டும், அது மீனின் புரதத்திலிருந்து கிடைக்கிறது.

கேள்வி: மசாலா நன்றாக ஊற வேண்டும் என்று என் கணவர் அயிலை மீனைக் காலை முதல் மாலை வரை மேடைமேல் வைக்கிறார். வறுத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார். சரியா?
– வாசகி, குளச்சல்

பதில்: சரியில்லை. அயிலை, சாளை (மத்தி), சூரை மூன்றும் ஐஸில்லாமல் வெளிச்சூட்டில் இருந்தால் கிருமி பெருகி ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். கிருமி செத்தாலும் ஹிஸ்டமின் வறுப்பிலோ கொதியிலோ அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் நாக்கு எரிந்து, முகம் சிவந்து, தலை வலிக்கும். மீன் கெட்ட வாடை அடிக்காமலும் இது வரலாம். வாங்கியதிலிருந்தே ஐஸில் வைத்து, கீறி மசாலா தடவி அரை மணி நேரம் ஊறினால் போதும். மாலை வரை ஊற வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், எலுமிச்சையை மட்டும் கடைசி 15 நிமிடத்தில் பிழியுங்கள். முன்பே பிழிந்தால் சதை வெளுத்து உதிரும்.