கிட்னி நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு டயாலிசிஸ்?

கிட்னி நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள், டயாலிசிஸுக்குக் கையெழுத்தும் கேட்கிறார்கள், பிறந்து 4 நாளே ஆன குழந்தைக்கு இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் ஐ.சி.யூ.வில் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். இதைக் கேட்காத பெற்றோர் அபூர்வம்.

உங்கள் குழந்தைக்கு யூரியா சுழற்சிக் கோளாறு என்கிறார்கள். அதாவது கோளாறு கிட்னியில் இல்லை, கல்லீரலில் ஒரே ஒரு என்சைமில். பாலில் உள்ள புரதம் உடைந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற அந்த என்சைம் வேண்டும். அது இல்லையென்றால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளை வீங்கும். வயிற்றில் இருந்தவரை தாயின் உடம்பு அதைக் கழித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை இரண்டாம் மூன்றாம் நாளில் பால் குடிக்காமல் துவண்டுபோகிறது. (கிருமித் தொற்று என்று நினைத்தே பாதி நேரம் போய்விடுவதும் உண்டு.)

புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, அம்மோனியாவைக் குறைக்கும் மருந்துகளான சோடியம் பென்சோயேட்டும் அர்ஜினினும் கொடுப்பார்கள். பச்சிளங்குழந்தைக்கு லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்குள் இருக்கவேண்டிய அம்மோனியா 500-ஐத் தாண்டினால், அல்லது மருந்து கொடுத்தும் சில மணி நேரத்தில் இறங்காவிட்டால், ரத்தத்தை டியூப் வழியாக வெளியே எடுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் டயாலிசிஸ் மெஷின்தான். அம்மோனியா ரொம்பச் சின்ன மூலக்கூறு, ஃபில்டர் வழியாகச் சட்டென்று வெளியேறிவிடும். வயிற்று வழி டயாலிசிஸும் செய்யலாம், ஆனால் மெதுவாகத்தான் இறங்கும், குழந்தை எத்தனை மணி நேரம் கோமாவில் கிடந்தது என்பதை வைத்துத்தான் மூளை எவ்வளவு தப்பும் என்பதே இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி. அதில் கொஞ்சம் டியூபுக்குள் போனாலும் பிரஷர் விழும், அதனால் தானமாக வந்த ரத்தத்தை டியூபில் நிரப்பிவிட்டுத்தான் பெரும்பாலும் ஆரம்பிப்போம். வெளியே சுற்றிவரும் ரத்தம் ஆறிப்போகும், பிள்ளையின் கால் சில்லிட்டுவிடும், வார்மரை ஏற்றுவோம். அம்மோனியா பார்க்க எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து லேபுக்கு ஓடுவார்கள், தாமதமானால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

அப்புறம், அளவு இறங்கியதும் நிறுத்தினால் மறுபடி ஏறலாம். மெஷின் இரண்டு மூன்று நாள் ஓடினால் கலங்காதீர்கள். கையெழுத்தை மட்டும் காலைவரை தள்ளிப்போட வேண்டாம்.