விஷுவல் பேசிக் 6 நிரலிலிருந்து ரெஜிஸ்ட்ரி மதிப்பைப் படிப்பது எப்படி?

விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டும் ரெஜ்எடிட்டில் கண்ணெதிரே தெரியும் ஒரு மதிப்பை, விஷுவல் பேசிக் 6 நிரலில் கெட்செட்டிங் கொண்டு படித்தால் வெற்றுச் சரம்தான் கிடைக்கிறது, பிழைச் செய்தியும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்செட்டிங் ரெஜிஸ்ட்ரி முழுவதையும் படிக்கக்கூடியது அல்ல. நடப்புப் பயனர் பகுதியில், சாஃப்ட்வேர் கீயின் (கோப்புறை போன்ற பிரிவின்) கீழ், 'விபி அண்ட் விபிஏ புரோகிராம் செட்டிங்ஸ்' என்ற ஒரே கிளைக்குள் மட்டுமே அது தேடும். அங்கே இல்லாததைக் கேட்டால் பிழை எழுப்பாமல், நீங்கள் கொடுத்த இயல்பு மதிப்பையோ, எதுவும் கொடுக்காவிட்டால் வெற்றுச் சரத்தையோ தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஓரிரு மதிப்புகள் மட்டும் வேண்டுமென்றால், டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல் ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் ரெக்ரீட் மெத்தடைப் பயன்படுத்துவதே எளிது. பாதையின் கடைசியில் பின்சாய்வுக்கோடு இட்டால் அந்தக் கீயின் இயல்பு மதிப்பைப் படிக்கும். கேட்டது இல்லையென்றால் பிழை எழுப்பும் என்பதால், அதைப் பிடிக்கும் ஆன் எரர் கூற்று அவசியம்.

விற்பனைக்குப் போகும் நிரலானால் நான் விண்டோஸ் ஏபிஐயைத்தான், அதாவது விண்டோஸே நிரல்களுக்குத் தரும் ஃபங்ஷன்களைத்தான், பரிந்துரைப்பேன். அட்வாபி32 டிஎல்எல்லில் உள்ள ரெக்ஓப்பன்கீஎக்ஸ், ரெக்குவெரிவேல்யூஎக்ஸ், ரெக்குளோஸ்கீ ஆகிய மூன்றும் போதும். கீயைத் திறக்கும்போது படிக்கும் உரிமையை மட்டும், அதாவது 131097 என்ற எண்ணை மட்டும் கேளுங்கள். பழைய மாதிரி நிரல்கள் பலவும் முழு உரிமையைக் கேட்பதால், நிர்வாகி அல்லாத பயனரிடம் 5 என்ற பிழை எண், அதாவது அனுமதி மறுப்பு, வரக்கூடும். இந்த ஃபங்ஷன்கள் வெற்றி தோல்வியைத் தாங்கள் திருப்பித் தரும் எண்ணாலேயே சொல்லும்: 0 என்றால் வெற்றி, 2 என்றால் கீயோ மதிப்போ இல்லை, 234 என்றால் நீங்கள் ஒதுக்கிய இடம் போதவில்லை. ஆன் எரர் இவற்றில் எதையும் பிடிக்காது.

மதிப்பை இரண்டு அழைப்புகளில் படிக்க வேண்டும். முதல் அழைப்பில் வகையையும் அளவையும் மட்டும் கேட்டு, அந்த அளவுக்கு ஒரு சரத்தை ஒதுக்கி, இரண்டாவது அழைப்பில் உள்ளடக்கத்தை வாங்குங்கள். தரவுக்கான அளவுரு 'ஆஸ் எனி' என்று அறிவிக்கப்பட்டிருந்தால், சரத்தை அனுப்பும்போது, மதிப்பாக அனுப்பச் சொல்லும் பைவால் என்ற சொல்லை மறக்கவே கூடாது. மறந்தால் தவறான நினைவக இடத்தில் எழுதப்பட்டு, விஷுவல் பேசிக் சூழலே மூடிக்கொள்ளலாம். ஓட்டிப் பார்க்கும் முன் சேமித்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல், திரும்பி வரும் அளவு சரத்தின் முடிவைக் குறிக்கும், எண் 0 கொண்ட சுழிய எழுத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் வருவது. ரெஜிஸ்ட்ரியில் '1.0.7' என்றிருந்தால் அளவு 6 என்று வரும். அதை வெட்டாமல் விட்டால் மெசேஜ் பாக்ஸில் '1.0.7' என்றே தெரியும், ஆனால் '1.0.7' உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி எழுத்தை வெட்டிவிடவும் வேண்டாம். எழுதிய நிரல் சுழியத்தைச் சேர்க்காமலே விட்டிருக்கக்கூடும். சுழியம் எங்கே இருக்கிறது என்று இன்ஸ்டர் ஃபங்ஷன் மூலம் தேடி, கிடைத்தால் மட்டும் அதற்கு முன்பகுதியை எடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் 2 என்ற எண்ணே வந்துகொண்டிருந்தால், உங்கள் விண்டோஸ் 64 பிட் பதிப்பா என்று பாருங்கள். விஷுவல் பேசிக் 6 உருவாக்குவது 32 பிட் நிரல் மட்டுமே. அது லோக்கல் மெஷின் பகுதியின் சாஃப்ட்வேர் கீயைக் கேட்கும்போது, விண்டோஸ் அதைச் சத்தமின்றி வாவ்6432நோட் என்ற கிளைக்குத் திருப்பிவிடுகிறது. நீங்கள் திறக்கும் ரெஜ்எடிட்டோ 64 பிட் பார்வையைக் காட்டுகிறது. ஆக, நீங்களும் உங்கள் நிரலும் ஒரே பாதையைச் சொல்லி வெவ்வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நிரல் பார்ப்பதையே பார்க்க, விண்டோஸ் கோப்புறையின் சிஸ்வாவ்64 உள்ளே இருக்கும் ரெஜ்எடிட்டைத் திறங்கள். 64 பிட் பக்கத்து மதிப்புதான் தேவையென்றால், கீயைத் திறக்கும்போது உரிமை எண்ணுடன் 256ஐச் சேர்த்து 131353 என்று கொடுங்கள். ரெக்ரீட் மெத்தடில் இப்படிக் கேட்க வழியில்லை. நான் ஏபிஐ பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மதிப்பில் தமிழ் எழுத்துகள் இருந்தால் இன்னொரு மாற்றமும் தேவை. பெயர் 'ஏ' என்று முடியும் ஏபிஐ வடிவங்கள் ஆன்சி முறையில், அதாவது ஒரு குறிமுறைப் பக்கத்தில் உள்ள எழுத்துகளை மட்டும் கையாளும் பழைய முறையில், இயங்குகின்றன. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறிமுறைப் பக்கமே இல்லாததால் எல்லாம் கேள்விக்குறிகளாக வரும். 'டபிள்யூ' என்று முடியும் வடிவங்களை அறிவித்து, சரங்களை, அவற்றின் நினைவக முகவரியைத் தரும் ஸ்ட்ரபிடிஆர் மூலம் அனுப்புங்கள். அளவு பைட்டுகளில் வருவதால், எழுத்துகளின் எண்ணிக்கைக்கு அதைப் பாதியாக்குங்கள். விஷுவல் பேசிக் 6இன் டெக்ஸ்ட்பாக்ஸும் ஆன்சிதான் என்பதால், சரியாகப் படித்த சரத்தையும் அது கேள்விக்குறியாகவே காட்டும். அதை நம்பாமல் ஆஸ்க்டபிள்யூ ஃபங்ஷன் மூலம் முதல் எழுத்தின் யூனிகோட் எண்ணைப் பாருங்கள்: 'அ' என்றால் 2949 வர வேண்டும், 63 வந்தால் படிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது.