காப்பித் தோட்டத்தில் காட்டுக்கோழி முட்டை: அடை வைக்கலாமா?

உண்ணிச்செடி (லந்தானா) வெட்டும்போது சாம்பல் காட்டுக்கோழி விருட்டென்று பறந்தது, அடியில் நான்கு முட்டை, வீட்டுக்கோழியிடம் அடை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. முட்டையை எடுப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தொட்டால் சில்லென்று இருக்கிறதே என்று கைவிடப்பட்டதாக எண்ணவும் வேண்டாம். பெட்டை இட்டு முடித்த பிறகுதான் அடைக்கு உட்காரும், ஏழு வரைகூட இடும்.

கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது. புதரடியிலோ மூங்கில் தூரிலோ காலால் கீறிய சிறு பள்ளம், கொஞ்சம் சருகு, அவ்வளவுதான். மேலே மறைப்பும் ஓடித் தப்ப இடுக்கும் இருந்தால் அதற்குப் போதும். நீங்கள் வெட்டியது அந்த மறைப்பைத்தான். வெட்டிய கிளைகளையே மேலே சாய்த்து வையுங்கள், காக்கை கண்ணில் படாது. பக்கவாட்டில் வழி திறந்திருக்கட்டும்.

அப்புறம் தினமும் எட்டிப் பார்க்காதீர்கள், நாயைக் கட்டிப் போடுங்கள். அடை சுமார் 21 நாள். பொரித்ததும் குஞ்சுகள் தாயோடு நடந்து போய்விடும். உண்ணிச்செடி களைதான், வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஓடு மட்டும் கிடப்பதைப் பார்த்த பிறகு வெட்டுங்கள்.