மாமியாரை ரஷ்யாவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பமாக 11 பேர் மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் குரூப் டூர் போவதாகப் பேச்சு. மாமியாருக்கு 69 வயது, முழங்கால் வலி. நானும் வந்தே தீருவேன் என்கிறார். என் ஓரகத்தியோ, "அத்தை வந்தா நாம எதையுமே பார்க்க முடியாது" என்று என்னிடம் மட்டும் புலம்புகிறாள். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். - மதுரை வாசகி

பதில்: மாமியாரைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் காலை முதல் இரவு வரை 11 பேரும் ஒரே கும்பலாகத்தான் திரிவது என்று இருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். அப்படிப் போனால் முழங்கால் நன்றாக இருப்பவர்களும் மூன்றாம் நாள் முறைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு எங்கே கஷ்டம் என்று முதலில் பார்த்துவிடுவோம். மாஸ்கோ மெட்ரோ பளிங்கும் சரவிளக்குமாக அரண்மனை மாதிரி இருக்கும், கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, எஸ்கலேட்டர் நீளம், வேகமும் அதிகம். பார்க் பபேதி ஸ்டேஷன் தரைக்குக் கீழே 84 மீட்டர் ஆழம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செஞ்சதுக்கம் முழுக்கக் கல் பாவிய தரை, மெத்தென்ற ஷூ இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம். பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஹெர்மிடாஜ் மியூசியத்தில் முழுவதையும் பார்ப்பது உங்களாலேயே ஆகாது. சக்கர நாற்காலி கிடைக்குமா என்று ஏஜென்ட்டை முன்கூட்டியே விசாரித்து உறுதி செய்யச் சொல்லுங்கள், மாமியார் வேண்டாம் என்று வீறாப்பு பேசினாலும்.

பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் பீட்டர்ஹோஃப் அரண்மனைத் தோட்டத்தில் அவருக்குக் குறையே இருக்காது. அத்தனை நீரூற்றுகளும் பம்பு இல்லாமல், மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே பீறிடுகின்றன, 18-ஆம் நூற்றாண்டில் போட்ட ஏற்பாடு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரசிக்கலாம். மற்றவர்கள் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வரட்டும்.

ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் இரவு முழுதாக இருட்டாது. நேவா நதிப் பாலங்களைக் கப்பல்களுக்காகத் தூக்குவது இரவு ஒரு மணிக்கு மேல். அதற்கு இளசுகள் போகட்டும், அத்தையும் சின்னப் பிள்ளைகளும் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கட்டும். அப்போது அவர்களோடு அறையில் இருப்பது யார் என்பதுதான் வம்பே. அது ஒவ்வொரு முறையும் மருமகள் தலையில் விடியக் கூடாது. ஒரு தாளில் நாள்வாரியாகப் பெயர் எழுதுங்கள், அவர் பெற்ற பிள்ளைகள் வரிசையில் முதலில் நிற்கட்டும். இந்தப் பேச்சை எல்லோர் முன்னாலும் எடுங்கள், ஓரகத்தியும் அவள் குறையை அங்கேயே சொல்லட்டும். உங்கள் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்தால் கடைசியில் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

அப்புறம் ஏஜென்ட். அவர் கொடுத்த பட்டியலில் 'பனோரமிக் டூர்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பெரும்பாலும் பஸ்ஸில் இருந்தபடியோ வாசலில் நின்றோ பார்ப்பதுதான். உள்ளே போக டிக்கெட் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். கிரெம்ளினுக்கு வியாழன் விடுமுறை, ஹெர்மிடாஜுக்குத் திங்கள். உங்கள் பட்டியல் அந்த நாட்களில் இடிக்கிறதா பாருங்கள். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு சப்சான் ரயிலா, விமானமா என்றும் கேளுங்கள். ரயில் என்றால் நாலு மணி நேரம், வயதானவருக்கு ஏர்போர்ட் அலைச்சல் மிச்சம்.

பணம் முக்கியம். நம் ஊர் வங்கி கொடுத்த விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்யாது. கசங்காத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள், ஒரே ஆள் பையில் மொத்தத்தையும் வைக்காதீர்கள். பொதுச் செலவு ஒருவர் கையில், கடைத்தெருச் செலவு அவரவர் பாடு. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவம் என்றால் சீஸ் வைத்த ஜார்ஜிய ரொட்டியும் பீன்ஸும் கிடைக்கும், பீட்ரூட் சூப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, போர் நடக்கும் நாடு. ட்ரோன் பயத்தால் மாஸ்கோ விமான நிலையங்களைத் திடீரென்று சில மணி நேரம் மூடுவதும் மொபைல் இன்டர்நெட் நின்றுபோவதும் உண்டு. ஹோட்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். அத்தையின் மாத்திரைகளை நாள் கணக்குக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுங்கள், டாக்டர் சீட்டோடு. ஊர் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போக வேண்டியவர்கள் இப்போதே ஒரு நாள் கூடுதலாக லீவு சொல்லிவிடட்டும்.