பழைய டீசல் ரயில் லோகோவுக்கு மறுபடி உயிர் கொடுப்பது: கேள்வி பதில்

கே: பல வருடமாக அருங்காட்சியகக் கொட்டகையில் நின்ற லோகோ. புது பேட்டரி மாட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ப: கூடாது. சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) மயிரிழை விரிசல் இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், கசிந்து பிஸ்டன் தலையில் தேங்கி நிற்கும். புகைபோக்கியை மூடாமல் விட்டிருந்தால் மழைநீரும் சேர்ந்திருக்கும். தண்ணீர் அமுங்காது. பழைய டீசல் எலக்ட்ரிக் லோகோக்கள் பலவற்றில் பேட்டரியின் மின்சாரத்தில் மெயின் ஜெனரேட்டரே மோட்டாராகி எஞ்சினைச் சுழற்றும். அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு (எஞ்சினின் சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் சம்ப்பின் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வடிகால் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, இருந்தால் அதுதான் முதலில் வரும். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். தனி பம்ப் வைத்து பேரிங்குகளுக்கு லூப் ஆயில் ஏற்றுங்கள். பிறகு டெஸ்ட் காக்குகள் (ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியே திறக்கும் சிறு வால்வுகள்) எல்லாவற்றையும் திறந்து, பாரிங் கருவியால் கிராங்க் ஷாஃப்டை முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். காக் வாயில் காற்று சீறினால் சரி. ஒரு சொட்டு தண்ணீர் தெறித்தாலும் அந்த ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

கே: லாரிக்குப் போடும் எஞ்சின் ஆயில் போதாதா?

ப: எந்த எஞ்சின் என்று சொல்லவில்லையே. அமெரிக்க இஎம்டி கம்பெனியின் 567 ரக லோகோ எஞ்சின் என்றால் தொடவே தொடாதீர்கள். அதன் பிஸ்டன் பின் புஷ்ஷில் (பிஸ்டனும் ராடும் சேரும் இடத்து பேரிங்) வெள்ளிப் பூச்சு உண்டு. லாரி ஆயில்களில் பொதுவாகச் சேர்க்கும் துத்தநாகக் கலவை வெள்ளியை அரிக்கும். துத்தநாகம் இல்லாத ரயில்வே ஆயில்தான் வேண்டும்.

கே: எங்கள் லோகோவை விற்றால் என்ன விலை போகும்?

ப: அது என் துறை இல்லை.

கே: மெயின் ஜெனரேட்டரின் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) ரீடிங் மிகக் குறைவு. ரீவைண்டிங், அதாவது கம்பிச்சுருளை மாற்றிச் சுற்றச் சொல்கிறார்கள்.

ப: அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான். கார்பன் தூசியை வேக்குவத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிதமான வெப்பக்காற்றை நாள்கணக்கில் செலுத்தி, 500 வோல்ட் மெகரால் தினமும் அளந்து எழுதிவாருங்கள். ரீடிங் முதலில் இறங்கிப் பிறகு ஏறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டரில் (ஜெனரேட்டரில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளை) சாக்லேட் நிறத்தில் சீரான படலம் இருந்தால் அதுவே ஆரோக்கியம். பளபளப்பாக்குகிறேன் என்று எமரித் தாள் போடாதீர்கள். அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு இடையே சிக்கி ஷார்ட் ஆகும்.

கே: ஒரே ஒரு முறை, சும்மா சில நொடி ஸ்டார்ட் செய்தால்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். ராடு வளைய அரைச் சுற்று போதும்.

கே: உதிரிபாகம் கிடைக்காத எஞ்சினைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்? புது எஞ்சின் வைத்தால் ஓடுமே?

ப: பிரிட்டனின் டெல்டிக் லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-62இல் வந்தவை 22 மட்டுமே. ஒவ்வொன்றிலும் இரண்டு நேப்பியர் எஞ்சின்கள், மொத்தம் 3300 குதிரைத்திறன். ஒரு எஞ்சினில் 18 சிலிண்டர், 36 பிஸ்டன். சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வரும். முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று கிராங்க் ஷாஃப்ட், அதில் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் சுற்றும். இதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சினை வைத்தால் மிஞ்சுவது பெயிண்ட் அடித்த பெட்டிதான்.

கே: (வேறொருவர்) ஓடாத வண்டியைப் பார்க்க யார் வருவார்கள்? அவர் சொல்வதும் நியாயம்தானே?

ப: ஒரே வகையில் பல லோகோக்கள் மிஞ்சியிருந்தால் ஒன்றை மாற்றி ஓட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசியாக மிஞ்சிய ஒன்று என்றால் இறுகிப்போன எஞ்சினோடு நிற்பதே மேல். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே விளக்குப் போட்டுக் காட்டுங்கள், ஜனம் நின்று பார்க்கும். இறுகிய எஞ்சினைப் பின்னால் வருகிறவர்கள் சரிசெய்யலாம், இரும்புக்கடைக்குப் போனதை யாரும் திருப்பித் தர முடியாது. கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டி வையுங்கள்.

கே: பழைய பெயிண்டை மணல் பீய்ச்சி எடுத்துவிடலாமா?

ப: அதில் ஈயம் இருக்கும். எக்ஸாஸ்ட் குழாய் சுற்றிய உறையில் கல்நாரும் இருக்கக்கூடும். இரண்டையும் பரிசோதிக்காமல் எதையும் சுரண்டாதீர்கள். பரிசோதனை முடிந்ததும் உள்ளங்கை அளவு இடத்தில் நனைத்த தாளால் படிப்படியாகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கின் நிறத்தையும் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள்.

கே: எங்கள் எஞ்சினில் டெஸ்ட் காக்கே இல்லை. நேரடியாக ஸ்டார்ட் செய்யலாம்தானே?

ப: இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கழற்றுங்கள். பிறகு கையால் சுற்றுங்கள்.