எல்லாம் தெரிந்தும் செய்ய முடியவில்லை: ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் கோச்சிங் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 36. எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) இருப்பதை மனநல மருத்துவர் கடந்த ஆண்டுதான் உறுதி செய்தார். மருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்தை எழுந்து போகாமல் படித்து முடிக்க இப்போது முடிகிறது. ஆனாலும் அலுவலக அறிக்கைகள் கடைசி நாள்வரை தள்ளிப்போகின்றன. கட்ட வேண்டிய கட்டணங்களுக்கு நாள் தவறிவிடுகிறது. பதில் போடாத மின்னஞ்சல்கள் குவிந்து கிடக்கின்றன. நினைவூட்டி நினைவூட்டி என் கணவரும் சலித்துப்போய்விட்டார். கோச்சிங் எடுத்துப் பார், வேலைகளைத் திட்டமிட்டுச் செய்து முடிக்க ஒரு பயிற்றுநர் துணை நிற்பார் என்கிறாள் தோழி. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும், செய்யத்தான் முடியவில்லை. அப்படியிருக்க, பயிற்றுநர் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்? மனநல ஆலோசனைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பணம் கொடுத்துச் சேரலாமா?

பதில்: பயிற்றுநர் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாட்குறிப்பில் எழுதுங்கள், பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரியுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள் என்ற அறிவுரைகளை ஏடிஹெச்டி உள்ளவர்கள் பள்ளி நாள்களிலிருந்தே கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி, என்ன செய்ய வேண்டும் என்று அறியாததால் வரும் சிக்கலாக இதைப் பார்ப்பதில்லை. அறிந்ததை உரிய இடத்தில், உரிய நேரத்தில் செயலாக்க முடியாமல் போகும் சிக்கல் என்றே விளக்கியிருக்கிறார். நீங்கள் எழுதியிருப்பதும் அதையேதான். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், உதவி எங்கே வந்து சேர வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்: அறிக்கை எழுத வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, அந்த மேசைக்கு, அந்தத் திரைக்கு முன்னால். உதவியை அந்த இடம்வரை கொண்டுவரும் ஏற்பாடாக இருந்தால் கோச்சிங் உங்களுக்குப் பயன்படும் என்றே நினைக்கிறேன். வாரம் ஒருமுறை ஊக்கமூட்டும் பேச்சாக மட்டும் அது இருக்குமானால் உங்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

மருந்து எடுத்தும் ஏன் இப்படி என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் கடிதத்துக்குள் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் மூளையில் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்களான டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. கவனம் நிலைக்கிறது, தடுமாற்றம் குறைகிறது. ஆனால் நிலைத்த அந்தக் கவனம் எதன்மேல் விழ வேண்டும் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் காலைப் பொழுதில் மூன்று மணி நேரம் அலமாரியை அடுக்கி முடித்துவிட்டு, அறிக்கையைத் தொடாமலே விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கெடு நெருங்கும்போது வரும் பதற்றத்தையே எரிபொருளாகக் கொண்டு வேலை செய்து பழகிய ஒருவருக்கு, பதற்றமில்லாமல் ஒரு வேலையைத் தொடங்குவது எப்படி என்பது இனிமேல்தான் பழக வேண்டிய ஒன்று. கோச்சிங்குக்கு இடமிருப்பது அங்கேதான்.

உங்கள் அறிக்கையையே எடுத்துக்கொண்டு, ஒரு சந்திப்பில் என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கலாம். ‘இந்த வாரம் அறிக்கையை முடித்துவிடுவேன்’ என்கிறீர்கள். தேர்ச்சியுள்ள பயிற்றுநர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடமாட்டார். ‘அறிக்கை எழுத உட்கார்ந்ததும் முதலில் எந்தக் கோப்பைத் திறப்பீர்கள்?’ என்று கேட்பார். யோசித்துவிட்டு, சென்ற காலாண்டின் செலவுப் பட்டியலை என்கிறீர்கள். ‘அது உங்களிடம் இருக்கிறதா?’ இல்லை, இன்னொரு பிரிவில் இருக்கும் சக ஊழியர் அனுப்ப வேண்டும். ‘கேட்டுவிட்டீர்களா?’ இங்கேதான் தயக்கம் வெளிப்படுகிறது. அவர் மூன்று வாரங்களுக்கு முன்பு வேறொரு விஷயமாக அனுப்பிய மின்னஞ்சலுக்கு நீங்கள் பதிலே போடவில்லை. இப்போது போய் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில் அவருடைய பெயரைத் திரையில் கண்டாலே வேறு பக்கம் தாவிவிடுகிறீர்கள். ஆக, இரண்டு வாரமாக உங்களைத் தடுத்து நிறுத்தியது அறிக்கையே அல்ல, எழுதாமல் விட்ட இரண்டு வரிப் பதில். ‘அறிக்கை எழுது’ என்று நாட்குறிப்பில் பத்து முறை எழுதினாலும் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது. இதைத் தனியாக அமர்ந்து கண்டுபிடிப்பதும் கடினம். கூச்சம் சிந்தனையை அந்த இடத்துக்குப் போகவே விடுவதில்லை. எதிரே ஒருவர் இருந்து, குற்றம் சாட்டாமல், அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

அதன்பின் அந்த இரண்டு வரியைச் சந்திப்பு முடிவதற்குள்ளேயே எழுதி அனுப்பச் செய்துவிட்டால் மிகவும் நல்லது. முடியாதபோது, எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று செயலைக் கட்டிப்போட வேண்டும். ‘மதிய உணவு முடிந்து நாற்காலியில் அமர்ந்தால், வேறு எதையும் திறக்கும் முன் அந்தப் பதிலை அனுப்புவேன்’ என்பது போன்ற ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ வகைத் திட்டங்களை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார். வெறும் உறுதிமொழியைவிட இவ்வாறு நேரத்தோடும் இடத்தோடும் பிணைத்த திட்டங்கள் செயலாக மாறும் வாய்ப்பு கூடுகிறது என்று அவ்வாய்வுகள் காட்டின. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளிடமும் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். செய்து முடித்ததும் பயிற்றுநருக்கு ஒற்றைச் சொல்லில் ஒரு குறுஞ்செய்தி. வெள்ளிக்கிழமைக் கெடு வியாழன் இரவுவரை உண்மையாகத் தோன்றாத ஒருவருக்கு, இன்று மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் செய்தியை எதிர்பார்த்திருக்கிறார் என்பது கெடுவைக் கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவருகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். சொன்னதைச் செய்யாத வாரங்கள் நிச்சயம் வரும். அப்போது பயிற்றுநரின் முகம் சுருங்கினாலோ, ‘நீங்கள் உண்மையிலேயே மாற விரும்புகிறீர்களா?’ என்பது போன்ற கேள்வி வந்தாலோ, ஏடிஹெச்டி உள்ளவர் அடுத்த சந்திப்பைத் தள்ளிவைப்பார், அதற்கடுத்ததையும் தள்ளிவைப்பார், பிறகு வராமலே போய்விடுவார். பதில் போடாத மின்னஞ்சல்களின் வரிசையில் பயிற்றுநரும் ஒருவராகிவிடுவார். செய்யாமல் விட்டதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, ‘எந்த இடத்தில் நின்றது? கோப்பைத் திறந்தீர்களா, திறக்கவே இல்லையா? அப்போது மணி என்ன?’ என்று விசாரித்துத் திட்டத்தைத் திருத்துபவரே உங்களுக்கு ஏற்றவர். முதல் பேச்சிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்: ‘சொன்னதைச் செய்யாமல் நான் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ அவர் வைத்திருக்கும் சான்றிதழ்களைவிட இந்தக் கேள்விக்கான பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மனநல ஆலோசனையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நடைமுறையில் கோடு சில இடங்களில் மங்கலானதுதான். ஆனாலும் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை அளிப்பதும் பயிற்றுநரின் வேலை அல்ல. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, போதைப்பழக்கம், உறக்கக் கோளாறு ஆகியவை ஏடிஹெச்டியோடு சேர்ந்து வருவது சாதாரணம் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது முக்கியம். காலையில் எழுந்திருக்கவே மனமில்லை, முன்பு பிடித்திருந்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் செல்ல வேண்டியது மருத்துவரிடம்தான். அந்த நிலையில் நாட்குறிப்பைச் சீர்செய்வது உதவாது. அதேபோல், ஏடிஹெச்டி இருக்குமோ என்ற ஐயம் மட்டுமே உள்ளவர்கள் முதலில் முறையான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தைராய்டு கோளாறும் நாள்பட்ட உறக்கமின்மையும்கூட இதே போன்ற கவனச் சிதறலைத் தரலாம்.

ஆய்வுச் சான்றுகளைப் பொறுத்தவரை உங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் கோச்சிங் என்ற எண்ணம், அமெரிக்க மனநல மருத்துவர்கள் எட்வர்ட் ஹாலோவெலும் ஜான் ரேட்டியும் 1994-இல் எழுதிய நூலுக்குப் பிறகு பரவலானது. அதன்பின் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களைப் பற்றியது. பல சிறியவை, ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. நேர மேலாண்மை, படிப்புத் திறன், தன்னம்பிக்கை ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்ததாக அவை சொல்கின்றன. அதை நம்பிக்கை தரும் தொடக்கமாகக் கொள்ளலாம், உறுதியான நிரூபணமாகக் கொள்ள முடியாது. இதைவிட வலுவான சான்று உள்ளது, ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்கென வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது சிபிடிக்கு. உளவியலாளர் ஸ்டீவன் சாஃப்ரனின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் உங்களைப் போலவே மருந்து எடுத்தும் சிரமங்கள் மீந்திருந்த 86 பேர். தளர்வுப் பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும் பெற்ற பிரிவைவிட, இச்சிகிச்சை பெற்ற பிரிவு தெளிவாக முன்னேறியது. திட்டமிடல், வேலைகளை ஒழுங்குபடுத்தல், கவனச் சிதறலைக் கையாளுதல், தன்னைப் பற்றிய தவறான எண்ணங்களைச் சோதித்துப் பார்த்தல் ஆகியவை அதில் கற்றுத்தரப்படுகின்றன; முதல் இரண்டும் கோச்சிங்கிலும் உள்ளவையே. எனவே, இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் உங்களுக்குக் கிடைப்பாரானால் முதலில் அவரிடம் செல்வதையே பரிந்துரைப்பேன். கிடைக்காவிட்டாலோ, அந்தச் சிகிச்சை முடிந்தபின் அன்றாடத்தில் அதைக் கடைப்பிடிக்க ஒரு துணை தேவைப்பட்டாலோ, கோச்சிங் பொருத்தமானது.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது எச்சரிக்கை தேவை, ஏனெனில் இந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் தமக்குச் சூட்டிக்கொள்ள முடியும். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற அமைப்பு சான்று வழங்குகிறது. அதன் தொடக்கநிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும், அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும். இது பொதுவான கோச்சிங் திறனுக்கான அளவுகோல் மட்டுமே என்பதால், ஏடிஹெச்டி பற்றித் தனியாக எங்கே படித்தார், சந்திப்புகளுக்கு இடையில் எப்படித் தொடர்பில் இருப்பார், எந்த நிலையில் உங்களை மருத்துவரிடம் அனுப்புவார் என்பவற்றையும் கேளுங்கள். மருந்தை நிறுத்திவிடலாம் என்பவரையும், குணப்படுத்திவிடுவதாக உறுதி கூறுபவரையும், ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

சேர்ந்தால், எட்டு வாரங்களுக்கு மட்டும் என்று பேசிக்கொண்டு சேருங்கள். தொடங்கும் முன்பே எண்ணிப் பார்க்கக்கூடிய இரண்டு விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள்: கெடுவுக்குள் போன அறிக்கைகள், நாள் தவறாமல் கட்டிய கட்டணங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சந்திப்பு முடிந்த அன்று உற்சாகமாக இருப்பதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள்; ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் புதிய எதுவும் முதல் சில வாரங்கள் உற்சாகம் தரும். அந்தப் புதுமை தேய்ந்த ஐந்தாம், ஆறாம் வாரத்தில் அந்த இரண்டு எண்ணிக்கைகளும் எப்படி இருக்கின்றன என்பதே உண்மையான சோதனை. கட்டணங்களில் தானாகவே வங்கியிலிருந்து செலுத்தும்படி மாற்றக்கூடியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். நினைவாற்றலைப் பயிற்றுவித்து அந்த வேலையைச் செய்ய வைக்க முயல்வது வீண்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவூட்டும் பொறுப்பு அவரிடம் இருக்கும்வரை, வீட்டில் ஒருவர் மேற்பார்வையாளராகவும் மற்றவர் தவறு செய்பவராகவும் ஆகிவிடுகிறீர்கள். இருவருக்கும் அது வேதனை. பயிற்றுநரிடமும் நாட்காட்டியிடமும் அந்தப் பொறுப்பை ஒப்படைப்பதன் பெரிய பயனே இந்த நிலையிலிருந்து அவர் விடுபடுவதுதான். ஒரு சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்று, எவற்றை அவர் இனி நினைவூட்ட வேண்டியதில்லை என்று பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஓரிரண்டு தவறக்கூடும் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போதைக்குப் பணம் செலவிட முடியாது என்றால், உங்களுக்குப் பரிந்துரைத்த தோழியிடமே கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு குறித்த நேரங்களில் காணொளி அழைப்பில் இருவரும் இணையுங்கள். தொடக்கத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, 45 நிமிடம் பேசாமல் அவரவர் வேலையைச் செய்து, முடிவில் எதுவரை வந்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள். இன்னொருவர் உடனிருக்கும்போது வேலையைத் தொடங்குவது எளிதாக இருப்பதாக ஏடிஹெச்டி உள்ள பலர் சொல்கிறார்கள். தோழியிடம் ஒரு வேண்டுகோளை மட்டும் முதலிலேயே வைத்துவிடுங்கள்: முடியாமல் போன நாளில் ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டாம், அடுத்து எந்த நேரத்தில் உட்காரலாம் என்று மட்டும் கேட்டால் போதும்.