வாலுக்கு முன்னே ஒரு எண்: பழைய விமானங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், வீட்டில் பழைய விமானப் படங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். பை நிறைய வந்துவிட்டது. விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு உறையையும் பிரிக்கும்போது கை நடுங்குகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் ஐந்து கேள்விகளுக்குப் பதில்.

*என் தாத்தா விமானப்படையில் இருந்தவர். விமானத்தின் முன் அவர் நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. 1947-ல் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய விமானம் இதுதான் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா?*
— வேலூர் வாசகி

அம்மா, தாத்தாவுக்குப் பின்னால் நிற்பது ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் டக்கோட்டா. அதில் சந்தேகமே வேண்டாம். தரையில் நிற்கும்போதே மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது பாருங்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். பிற்காலத்தில் வந்த போக்குவரத்து விமானங்களான ஆவ்ரோவுக்கும் கரிபுவுக்கும் மூக்குக்கு அடியிலேயே சக்கரம் உண்டு என்பதால் அவை தரையில் மட்டமாக நிற்கும்.

இரண்டு என்ஜினும் பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப். இரண்டு வரிசையாக 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில் குளிர்கால விடியலில் நாங்கள் முதலில் செய்யும் வேலை, சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையாலேயே சுற்றுவதுதான். இரவில் எண்ணெய் இறங்கி அடிச் சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். சுற்றாமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுற்றும்போது எங்கேயாவது இறுகினால் அப்படியே நிறுத்திவிட்டு, அடி சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். அந்த எண்ணெய் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

சரி, ஸ்ரீநகர். 1947 அக்டோபர் 27 காலையில் சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் வீரர்களை ஏற்றிக்கொண்டு 12-ஆம் ஸ்குவாட்ரனின் டக்கோட்டாக்கள் அங்கே இறங்கின. அவற்றில் ஒன்றின் எண் வி.பி. 905. அந்த எண் உடம்பின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னே இருக்கும். உங்கள் படத்தில் சரியாக அந்த இடத்தைத் தாத்தாவின் தோள் மறைக்கிறது. கடைசி இலக்கம் 5 மட்டும் வெளியே தெரிகிறது. அதை வைத்து நான் ஆமாம் என்று சொன்னால் தாத்தாவுக்கும் நியாயமில்லை, அந்த விமானத்துக்கும் நியாயமில்லை. இறக்கையின் அடிப்பக்கத்திலும் எண் எழுதுவார்கள். படத்தின் மேல் ஓரத்தில் இறக்கை தெரிகிறது, அந்த இடத்தை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அப்புறம், உடம்பில் உள்ள வட்டச் சின்னத்தையும் பாருங்கள். உள்ளே அசோகச் சக்கரத்தின் ஆரங்கள் தெரிந்தால் படம் நாம் குடியரசு ஆவதற்கு முந்தையது. வெறும் வளையங்கள் என்றால் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தையது.

இன்னொரு விஷயம். வி.பி. 905 என்று எழுதிய டக்கோட்டா ஒன்று இப்போது நம் விமானப்படையில் இருக்கிறது. அதன் பெயர் பரசுராமா. தன் தந்தை டக்கோட்டா ஓட்டியவர் என்பதால் ராஜீவ் சந்திரசேகர் அதை பிரிட்டனில் புதுப்பிக்கச் செய்து பரிசாகக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் பறந்து வந்து சேர்ந்தது. அது வேறு விமானம், பழைய எண்ணை மரியாதைக்காக எழுதியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்தவர்கள் ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் குழம்பக் கூடாது.

*வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் இந்தியாவிலிருந்து போனவை என்று நண்பர் சொல்கிறார். அது எப்படி?*
— திருச்சி வாசகர்

நண்பர் சொல்வது சரி. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்தது. அமெரிக்காவிடமிருந்து கடன் ஒப்பந்தத்தில் வந்தவை அவை. யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். வண்டியை விட்டு மோதினார்கள், கருவிகளை உடைத்தார்கள், என்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள். 1948-ல் நமக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டபோது, பெங்களூருவின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருவுக்கு ஓட்டி வந்தார். சுமார் 1,500 கிலோமீட்டர். மொத்தம் 42 விமானம்! மண் கொட்டிய என்ஜினைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். லிபரேட்டரின் நான்கு என்ஜினும் டக்கோட்டாவில் இருக்கிற அதே ட்வின் வாஸ்ப் குடும்பம்தான். அந்த ஃபிட்டர்களின் பெயர்கள் எங்கேயும் பெரிதாக எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றை வைத்துத் தொடங்கியது. கடைசியாக 1968-ல் ஓய்வு கொடுத்தார்கள். நான் படையில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களை எப்போதோ உருக்கிவிட்டிருந்தன. அதனால் அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்தன. கனடாவின் ஒட்டாவாவுக்கு ஒன்று, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று, பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு கே.என். 751 என்ற எண்ணுள்ள ஒன்று. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிய ஒன்றைப் புதுப்பித்து 1989-ல் மறுபடியும் பறக்கவிட்டார்கள். ஒன்று டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள நம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவற்றின் வரலாறு தெரிந்தது எப்படி? ஆர்வலர்கள் பழைய படங்களில் எண்களைப் படித்து, எந்த எண் எங்கே போனது என்று ஒருவருக்கொருவர் எழுதிக் கோத்ததால்தான்.

*சின்ன வயதில் எங்கள் ஊர் மேல் டியூ 142 பறக்கும்போது ஜன்னல் எல்லாம் அதிரும். ஜெட்டை விட ஏன் அவ்வளவு சத்தம்?*
— அரக்கோணம் வாசகர்

டியூ 142 நம் கடற்படையின் ரஷ்யக் கண்காணிப்பு விமானம். நான்கு என்ஜின். ஒவ்வொன்றிலும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர், இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒவ்வொரு ப்ரொப்பெல்லருக்கும் நான்கு பிளேடு என்றால் மொத்தம் 32 பிளேடு காற்றை அறைகிறது. நுனிகள் ஒலியின் வேகத்தை ஒட்டிச் சுற்றுவதும், முன் ப்ரொப்பெல்லர் கலைத்த காற்றைப் பின்னது வெட்டுவதும்தான் அந்த அதிர்வு. 1988 முதல் நம் கடற்படையில் எட்டு இருந்தன. 2017 மார்ச் 29-ல் உங்கள் ஊர் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில்தான் விடைகொடுத்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளே ஏறியே பார்க்கலாம். அரக்கோணத்துக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்து எடுத்த குடும்பப் படங்களில் வானத்தில் அது தற்செயலாக விழுந்திருக்கும். தேடிப் பாருங்கள், எனக்கு ஒன்றாவது அனுப்புங்கள்.

*தாம்பரம் விமானப்படைத் தளத்தின் வேலியோரம் நின்று படம் எடுக்கலாமா?*
— சென்னை வாசகர், பிளஸ் டூ மாணவர்

கூடாது தம்பி. அனுமதியில்லாமல் ராணுவத் தளத்தைப் படமெடுப்பது குற்றம். பெங்களூருவில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது, ஜெர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் அங்கே நிற்கிறது. அப்பாவோடு போய்வா. வாலுக்கு முன்னே உள்ள எண் படத்தில் விழும்படி பக்கவாட்டில் ஒன்று எடு, அப்புறம் உன் இஷ்டம்.

*அப்பாவின் ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு கிழிகின்றன. எப்படிப் பாதுகாப்பது?*
— மதுரை வாசகி

கிழிக்காதீர்கள். வராத படத்தை ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். லேமினேட் செய்யவே வேண்டாம். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால் யார், எங்கே, எந்த வருடம், விமான எண் என்ன என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அதுவே சுருக்கிவிடும், எண் படிக்க முடியாமல் போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஜோர்ஹாட்டில் எடுத்த அறுபது படம் கொண்ட ஆல்பம் ஒரே கட்டியாகிவிட்டது. பதினொன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. அந்தப் பதினொன்றுக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் பழைய சகா ஒருவர் பிரதி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண்ணும் தேதியும் எழுதியிருந்தார். மற்ற நாற்பத்தொன்பதில் யார் யார் நின்றார்கள் என்று இப்போது இரவுகளில் நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வரை வந்திருக்கிறேன்.